செடியில்லாத தொட்டி

பூங்காவனம் சொன்ன இந்தக் கதையைத் தேசிங்கு பல வருஷங்களாக நம்பவில்லை. நடக்க முடியாதது என்பதால் அல்ல. நடக்க முடியாதவை எத்தனையோ அவன் கண்ணெதிரே நடந்திருக்கின்றன. தலைமுறைகளாக ஆற்றங்கரையில் நின்ற ஒரு தெரு, வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் தரைமட்டமானதைப் பார்த்தவன் அவன். இந்தக் கதை மெய்யாக இருந்துவிட்டால் அவன் அழ வேண்டியிருக்கும், யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமலே அழ வேண்டியிருக்கும், ஐம்பதைத் தாண்டியவன் அப்படி அழுதால் அது கூத்தாகிவிடும். அதனால் சந்தேகப்பட்டான். சந்தேகமும் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மாதிரிதான், தினமும் செய்தால்தான் நிற்கும். அவன் தினமும் செய்தான்.

நகரத்துக்கு வெளியே, பஸ் திரும்பிப் போகும் இடத்துக்கும் அப்பால், சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி எழுப்பிய நல்வாழ்வு நகரில், எஃப் பிளாக்குக்கு மோட்டார் போடுகிறவன் தேசிங்கு. ஆற்றங்கரையிலிருந்து லாரியில் ஏற்றி வந்து இறக்கப்பட்ட ஜனங்கள், அதுவரை பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தவர்கள், இங்கே ஒருவர் தலைமேல் ஒருவராக அடுக்கப்பட்டதும் முதல் வருஷம் முழுக்கச் சண்டை போட்டார்கள். தண்ணீருக்குச் சண்டை, படிக்கட்டில் செருப்பு விட்டதற்குச் சண்டை, மேல்வீட்டில் அம்மி அரைத்தால் கீழ்வீட்டில் சண்டை. அப்போது ஒரு தொண்டு நிறுவனத்து அம்மா வந்தார். மீன் நீந்துவதைப் பார்த்தால் மனுஷனுக்குக் கோபம் தணியும் என்று படித்திருப்பதாகச் சொல்லி, கீழ்த்தளத்துச் சங்க அறைக்கு ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலை என்பதால், மீன் வாங்கிவரத் தேசிங்குவைத்தான் வளர்ப்பு மீன் கடைகள் இருக்கிற கொளத்தூருக்கு அனுப்பினார்கள்.

கடைக்காரன் நல்லவன். புதுசாக வளர்க்கிறவர்களுக்குக் குட்டி போடுகிற மீன்தான் சரி, மோலி, பிளாட்டி, கப்பி மூன்றும் ஒன்றையொன்று கடிக்காது, முட்டையைக் காக்க வேண்டிய தொல்லை இல்லை, தானே பெருகும் என்றான். ஒரு ஆணுக்கு மூன்று பெண் போடுங்கள், இல்லாவிட்டால் ஆண் துரத்தித் துரத்திப் பெண்ணைத் தின்ன விடாது என்றான். கடைசியாக, அடர்த்தியான பாசிச்செடி ஒரு கட்டு எடுத்துத் தன் கையாலேயே பையில் போட்டான்.

"இது இல்லாம வளக்காதீங்க. குட்டி ஒளிய எடம் வேணும். அம்மா மீனுக்குத் தன் குட்டி, அடுத்தவ குட்டின்னு தெரியாது. அசையறது எது வாய்க்குள்ள போகுமோ, அது தீனி."

தேசிங்கு எல்லாவற்றையும் அப்படியே வந்து சொன்னான். சங்கத்துச் செயலாளர் ரேணுகா, சண்டை என்றால் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு முதலில் படியிறங்குகிறவள், அவன் சொல்லி முடிப்பதற்குள் கேட்டாள்.

"ஒரு ஆம்பளைக்கு மூணு பொம்பளையா? யாரு சொன்னா?"

"கடைக்காரன் சொன்னான்."

"அவனுக்கு வூட்ல எத்தினின்னு கேட்டியா?"

அறை சிரித்தது. சிரித்து முடித்ததும் பெண்கள் முடிவாகச் சொன்னார்கள்: இது குடும்பஸ்தர்கள் இருக்கிற பிளாக், குழந்தைகள் பார்க்கிற தொட்டி, ஒருத்திக்கு ஒருத்தன்தான். தேசிங்கு மறுபடியும் பஸ் பிடித்துப் போய் ஆண் மீன்கள் வாங்கிவந்தான். செடியையும் அவர்கள் ஒரு வாரம்தான் பொறுத்துக்கொண்டார்கள். புதரையும் சேற்றையும் பார்த்தே வாழ்நாள் கழிந்த ஜனம். புதருக்குப் பின்னால் ஒதுங்கிய வாழ்க்கையை லாரி ஏறும்போதே மறந்துவிட வேண்டும் என்று நினைத்த ஜனம்.

"அங்கயும் புதரு, இங்கயும் புதரா?" என்றாள் ரேணுகா. "மீனப் பாக்கத்தானே தொட்டி? தேடறதுக்கா?"

செடி குப்பைக்குப் போயிற்று. தொட்டி பளிச்சென்று ஆயிற்று. எந்த மூலையில் நின்றாலும் எல்லா மீனும் எல்லாருக்கும் தெரிந்தது.

பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பூங்காவனத்திடம் கொடுத்தார்கள். ஆற்றங்கரையில் இருந்தவரை, விடியலில் கடற்கரைக்குப் போய்க் கூடை எடுத்து, தெருத்தெருவாக மீன் விற்றவள் அவள். இங்கே வந்த பிறகு கடலும் எட்டாமல், கூடையும் காய்ந்து, சும்மா உட்கார்ந்திருந்தாள். வந்த வருஷமே புருஷன் ஓடிப்போனான். வெட்டத் தெரிந்தவளுக்கு வளர்க்கத் தெரியாதா என்று பிளாக் கேட்டது. அவள் தொட்டியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்துவிட்டுத் தேசிங்குவிடம் சொன்னாள்: "எனக்குச் செத்த மீனத்தான் தெரியும்பா. இதுங்க திரும்பிப் பாக்குதுங்க. இன்னா சொல்றதுன்னே தெரியல."

ஒரு கறுப்பு மோலிக்கு வயிறு பெருத்தது. பிளாக்குப் பெண்கள் விளையாட்டாகத் தொட்டிக்கு மாலை போட்டு, கண்ணாடி வளையலைக் கயிற்றில் கோத்துக் கட்டி, தயிர்சாதம் புளிசாதம் கிளறி அதற்கு வளைகாப்பு நடத்தினார்கள். மோலி குட்டி போட்டது, மை தொட்டு வைத்த புள்ளி மாதிரி ஒவ்வொன்றாக நழுவி விழுந்தன, விழுந்தவை நீந்தின, நீந்தியவற்றில் பாதியை அது திரும்பி நின்று தின்றது. சோற்றுக் கிண்ணத்தோடு நின்ற பெண்கள் வாயில் வைத்ததை விழுங்காமல் பார்த்தார்கள்.

"பெத்த வயித்துலயே போட்டுக்குதே," என்றாள் ஒருத்தி.

"நம்மள மாதிரி சொல்லிக் காட்டாம போட்டுக்குது," என்றாள் இன்னொருத்தி.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மூடிய சதுப்பு மண்ணுக்குக் கீழேயிருந்து தண்ணீர் மேலே வந்து பிளாக்கைச் சுற்றி நின்றது, நின்ற தண்ணீரில் கொசு வந்தது, கொசுவோடு காய்ச்சல் படியேறியது. வீட்டுக்கு ஒருவர் பாயில் கிடந்தார்கள். ஆற்றங்கரையில் இதற்கு ஒரு வழி இருந்தது. பிழைக்காது என்று தோன்றுகிற பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். ஒரு படி தவிட்டை வாங்கிக்கொண்டு அடுத்தவள் மடியில் போட்டு, இது என் பிள்ளை இல்லை, உன் பிள்ளை என்று சத்தமாகச் சொல்லிவிட்டால், தேடி வருகிற எமன் பேரைக் கேட்டுக் குழம்பித் திரும்பிப் போவான். இங்கே எல்லார் வீட்டிலும் காய்ச்சல், எல்லார் மடியும் சுட்டது, வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.

ரேணுகாவின் கடைசிப் பிள்ளை கோபிக்குக் கண் செருகிய காலையில், அவள் பித்துப் பிடித்தவள் மாதிரி ஒரு பிடி தவிட்டோடு கீழே ஓடிவந்தாள். மோலி குட்டி போட்டுக்கொண்டிருந்தது. அவள் தவிட்டைத் தண்ணீரில் தூவி, அப்போதுதான் நழுவிய குட்டியைக் காட்டி, "இதான் என் கோபி, மேல கெடக்கறவன் யாரோ" என்றாள். படியேறிப் போய்க் கதவைத் திறந்தபோது, கோபி எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றான்.

அதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. தவிட்டுக்கு விற்பது பழைய வழி, மீன் புது மடி, அவ்வளவுதான். மறுநாள் தொட்டிக்கு முன்னால் வரிசை நின்றது. வரிசை என்று வந்ததும் சண்டை வந்தது, சண்டை என்று வந்ததும் சட்டம் வந்தது. காய்ச்சல்காரருக்கு முதல் குட்டி. மாடிவாரியாக முறை. பேர் வைக்கும்போது அடுத்த வீட்டார் காதில் விழும்படி சொல்ல வேண்டும். குட்டியைத் தம்ளரில் பிடித்துக் கொடுப்பது பூங்காவனம். பங்கு பிரிக்கிறவருக்குப் பங்கு கிடையாது என்பது ஆற்றங்கரையில் வலை இழுத்த காலத்து வழக்கம், ஆகவே அவளுக்கு மீன் இல்லை. அவளும் கேட்கவில்லை. "எனக்கு இன்னா, ஆளா பேரா," என்றாள்.

காய்ச்சல் இறங்கியது, பேர் வைப்பது இறங்கவில்லை. நன்றாக இருக்கிறவர்களும் வருமுன் காக்க என்று மீன் கேட்டார்கள். மாமியார்கள் பேரன்களுக்கெல்லாம் வைத்து முடித்துவிட்டுக் கடைசியில் மருமகளுக்கு வைத்தார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் தொட்டியருகே நின்று தன் மீனைத் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "உங்க சம்பந்தி மெலிஞ்சிட்டாரே" என்றும், "உன் தம்பி என் பொண்ணு பின்னாடியே சுத்தறான், சொல்லி வை" என்றும் பேச்சு நடந்தது. தொட்டி வைத்த நோக்கம் நிறைவேறி, பிளாக்கில் சண்டையே குறைந்தது. மருத்துவ முகாமுக்கு வந்தவர்கள் நகரில் இருக்கிற மற்ற பிளாக்கையெல்லாம் சுற்றிவிட்டு, இந்த ஒரு பிளாக்கில் மட்டும் காய்ச்சலில் ஒருவரும் சாகவில்லை என்று கண்டு, சங்கத்தைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். தொட்டியைக் காட்டினார்கள். அவர்கள் சிரித்து, இங்கே விழிப்புணர்வு அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதுவரை நடந்தது எல்லாருக்கும் தெரியும். இதற்குப் பிறகு உள்ளது பூங்காவனத்துக்கு மட்டும் தெரிந்தது, தேசிங்கு சந்தேகப்பட்டது.

ஒரு காலையில், மூன்றாம் மாடி அருளின் பெண்சாதி குமுதாவின் பேர் வைத்த குட்டியை, மோலி விழுங்குவதைப் பூங்காவனம் பார்த்தாள். மனசு கேட்காமல் மூச்சு வாங்கப் படியேறினாள். அருள் வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவன் துணி மட்டும்.

"குமுதா எங்கப்பா?"

"எந்தக் குமுதாக்கா?" என்றான் அருள். பொய் சொல்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று மீன் விற்றவளுக்குத் தெரியும். அவன் முகத்தில் பொய் இல்லை. உள்ளே கொடியில் கிடந்த புடவைகளைக் காட்டி, "இதுங்க யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிருக்காங்க போல. யாருக்காவது ஆவும்னா எடுத்துனு போக்கா," என்று மடித்துக் கொடுத்தான். தாய்வீட்டில் கேட்டாள், அதே பிளாக்கில் ஐந்தாம் மாடி. குமுதாவைப் பெற்றவள் சிரித்துக்கொண்டே, எனக்கு ரெண்டும் ஆம்பளைப் பசங்க, உனக்குத் தெரியாதா என்றாள்.

தானாக வயசாகி மிதந்த மீன்களால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விழுங்கப்பட்டவர்கள்தான் போனார்கள். ஆள் போனது, ஆள் போன இடமும் போனது. எழவு விழவில்லை, மாரடிக்கவில்லை, பந்தல் போடவில்லை. பிளாக்கில் எல்லாரும் ஏதோ ஒரு சமயம் மீனுக்குப் பேர் வைத்தவர்கள், பேர் வைத்தவர்கள் எல்லாரும் மறந்தார்கள். பேர் வைக்காத ஒருத்தி மட்டும் எல்லாரையும் நினைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வைத்தியம் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை என்று ஜனங்கள் சத்தியம் செய்தார்கள். பொய்த்ததைச் சொல்ல ஆளில்லாததால் அது பொய்க்காத வைத்தியமாகவே இருந்தது.

அவள் சொல்லிப் பார்த்தாள். அக்காவுக்குக் கவிச்சி தலைக்கேறிவிட்டது என்று சிரித்தார்கள். உன் புருஷனையும் மீன்தான் முழுங்கிச்சா என்று கேட்டார்கள். "ஓடினவன் ஓடினவன்தான். அவனுக்காக மீன் மேல பழி போட மாட்டேன்," என்றாள். கொளத்தூருக்குத் தானே போய்ச் செடி வாங்கிவந்து போட்டாள். பிள்ளை தெரியவில்லை என்று பெற்றவர்களே பிடுங்கி எறிந்தார்கள். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தாள், குட்டி ஒளிய. அசிங்கமாக இருக்கிறது என்று எடுத்தார்கள். ஆண் மீன்கள் ஓயாமல் துரத்தின, பெண் மீன்கள் ஓயாமல் சுமந்தன, பசியும் வெறியுமாய் எதிரில் அசைந்ததையெல்லாம் தின்றன. தொட்டியை உடைத்துவிடலாம் என்று அம்மிக் குழவியோடு ஒருநாள் நின்றாள். உயிரோடு இருக்கிறவர்களின் பேரெல்லாம் அதற்குள்தான் நீந்திக்கொண்டிருந்தது. குழவியைக் கொண்டுபோய் அம்மிமேல் வைத்துவிட்டு, தீனி எடுத்துப் போட்டாள்.

தொட்டியின் காற்று மோட்டாரைப் பழுது பார்க்கத் தேசிங்கு வந்திருந்த ஒரு பகலில்தான், அவள் இதையெல்லாம் அவனிடம் சொன்னாள். அவன் ஸ்குரூவை முடுக்கிக்கொண்டே, பெரியவள் ஏதோ பேசுகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் அவள் சொன்னாள்:

"உன் வூட்லயும் ஒருத்தி இருந்தாப்பா."

"என் வூட்லயா? நான் தனிக்கட்டை, அக்கா."

"இப்ப."

அவள் ஒரு பெயரைச் சொன்னாள். நல்ல பெயர், அவன் கேட்டான், தலையாட்டினான். தன் மாடிக்கு ஏறிப் போனபோது அந்தப் பெயர் போய்விட்டிருந்தது. வேலை மும்முரத்தில் மறந்தது என்று நினைத்து இறங்கி வந்து கேட்டான், சொன்னாள், ஏறுவதற்குள் போய்விட்டது. படி முழுக்கச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஏறிப் பார்த்தான். பாதியில் தான் வாய்விட்டுப் பாடுவது ஒரு பழைய பாட்டு என்று கண்டுபிடித்து நின்றான். அதற்குப் பிறகு அவன் பெயரைக் கேட்கவில்லை. சந்தேகப்பட ஆரம்பித்தான்.

சந்தேகத்துக்குத் தீனி நிறைய இருந்தது. பூங்காவனத்துக்கு வயசாகிறது, பேச்சுத் துணை இல்லை, பேரைச் சொன்னால் பக்கத்தில் உட்கார்வார்கள் என்று எதையாவது சொல்வாள். ஆனால் சந்தேகத்தையும் ஏதோ ஒன்று பின்னாலிருந்து துரத்திக்கொண்டே இருந்தது. அவன் வீட்டு அலமாரிக் கதவின் உட்பக்கம், அவன் நெஞ்சுயரத்துக்கு, ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. முன்னால் குடியிருந்தவர்கள் ஒட்டியது என்று அவன் சொல்லிக்கொண்டான். பெயின்ட் வாசம் போகாத அந்த வீட்டுக்கு முதல் சாவி போட்டுத் திறந்தவன் அவன்தான். காலையில் டீ போட்டால் தன்னையறியாமல் இரண்டு தம்ளரில் ஊற்றினான். ஒன்றைக் குடித்துவிட்டு, ஆறிய மற்றொன்றையும் குடித்தான், வீணாக்கக் கூடாது என்று. கடைத்தெருவில் மல்லிகை விற்கிறவள் அவனைப் பார்த்ததும் முழம் அளக்கக் கை நீட்டி, ஏன் நீட்டினோம் என்று தெரியாமல் மடக்கிக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த வீடு. ஆற்றங்கரையில் குடிசைகளை எண்ணியபோது தனியாளுக்கு வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தனியாக இருந்தவர்கள் எல்லாரும் பாலத்துக்கு அடியிலேயே நின்றுபோனார்கள், லாரியில் ஏற அவர்களுக்கு அனுமதி இல்லை. தேசிங்கு லாரியில் ஏறியவன். தேசிங்குவுக்கு வீடு இருந்தது. அதிகாரி தூக்கக் கலக்கத்தில் கொடுத்துவிட்டார், அதிர்ஷ்டக்காரன் என்று பிளாக்கில் கேலி செய்வார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான்.

பெயரைத்தான் கேட்டானே தவிர, மற்றொன்றை அவன் ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு பெயர் யாருடைய பெயராகவும் இருக்கலாம். தெருவில் போகிறவளுக்கும் அந்தப் பெயர் இருக்கலாம். மற்றொன்றைக் கேட்டால், அந்த இடத்தில் ஒரு குழி இருக்கும், அந்தக் குழி அவன் வீட்டுக்குள் இருக்கும். தீனி போட உதவுகிற சாக்கில் வருஷக்கணக்காகப் பூங்காவனத்தின் பக்கத்தில் உட்கார்ந்தான், அவள் போனவர்களைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லக் கேட்டான், குமுதாவின் சிரிப்பு எப்படி இருக்கும், தையல்காரனின் குழந்தை எப்படித் தவழும் என்றுகூட அவனுக்குத் தெரிந்தது. தன் வீட்டுப் பேச்சு வரும்போது மட்டும், மோட்டார் ஓடுகிறது என்று எழுந்துவிடுவான். ஒரே ஒருமுறை அவன் எழுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: "தவிட்ட நீதாம்பா தூவுன. பொழச்சா. ஆறு நாள் நல்லாத்தான் இருந்தா."

இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் பூங்காவனத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். மூன்று நாளாக அவள் பாயைவிட்டு எழவில்லை. பிளாக் பதறிவிட்டது. சிரித்தவர்கள்தான், கவிச்சி என்றவர்கள்தான், ஆனாலும் அவள் தம்ளரில் பிடித்துக் கொடுத்த உயிர்களோடு வாழ்கிறவர்கள். முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள், கால் அமுக்கினார்கள். தலை நரைத்துவிட்ட ரேணுகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சங்கத்தில் எழுந்து நின்றாள்.

"எத்தினி வருஷமா நமக்கு எடுத்துக் குடுத்தவ. அவளுக்கு இல்லாத மீனா? வழக்கமாவது ஒண்ணாவது. மோலி இன்னைக்கோ நாளைக்கோ போட்டுடும். மொதக் குட்டி பூங்காவனம்."

எல்லாரும் கை தட்டினார்கள். தேசிங்கு எழுந்தான். வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டார்கள். அவன் சொன்னான், இத்தனை வருஷம் சந்தேகப்பட்டதை முதன்முறையாக ஊருக்கு முன்னால் வாய்விட்டுச் சொன்னான். சொல்லும்போது தான் நம்புகிறோமா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை, குரல் மட்டும் நம்புகிறவன் குரலாக இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அருள் சிரிக்காமல், இரக்கத்தோடு சொன்னான்: "அண்ணாத்த, நீங்க தனியாளு. பொண்டாட்டி புள்ளைன்னு இருந்தாத்தான் இந்தத் துடிப்பு தெரியும்." அதைச் சொன்ன அருளும் தனியாள் என்பது அந்த அறையில் தேசிங்குவுக்கு மட்டும் உறைத்தது. செடியாவது போடுங்கள் என்றான். ரேணுகா அவன் தோளைத் தொட்டாள். "இன்னாப்பா இது. அவ நீந்தறத நாங்க பாக்க வேணாமா?"

மறுநாள் மழை விட்ட காலையில் அவன் பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனான். கஞ்சி ஆறிப்போய் இருந்தது. அவள் நெற்றியில் கை வைத்தான், இட்லிப் பானை மாதிரி சுட்டது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"முடிவு பண்ணிட்டாங்களா?"

"நான் சொல்லிப் பாத்தேன்க்கா."

"நல்லவங்கதான் பண்றாங்க. நல்லவங்கள இன்னா பண்ண முடியும்." உதட்டை நனைத்துக்கொண்டாள். "நான் செத்துட்டுப் போறேம்பா. செத்தா நாலு பேரு தூக்குவான், ஒருத்தியாவது ஒப்பாரி வப்பா. அந்த வாயில போனா தூக்கறதுக்கு இன்னா இருக்கும்? அப்பறம் குமுதாவ யாரு வச்சிக்கறது? அந்தத் தையக்காரன் கொழந்தைய? நான் கெடக்கட்டும், எனக்குள்ள இருக்கறதுங்க எங்க போவும்?"

அவன் ஒரு தம்ளர் தண்ணீரை அவள் வாயருகே பிடித்தான். அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவள் காய்ச்சலில் போனாலும் மீன் வாயில் போனாலும் தனக்கு ஒன்றுதான், இரண்டிலும் தான் கேட்காத அந்த ஒன்று போய்விடும் என்று தோன்றியது. இப்படித் தன்னைப் பற்றியே நினைக்கிறோமே என்று கூசியது. அந்தக் கூச்சத்தையும் சாக்காக வைத்துக்கொண்டு மறுபடியும் எழுந்து போய்விடுவோமோ என்று பயமாக இருந்தது. கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு வந்து பாயருகே உட்கார்ந்தான்.

கீழேயிருந்து சத்தம் கேட்டது. முதலில் ஒரு பெண் குரல், பிறகு பல குரல்கள், படிக்கட்டில் ஓடி இறங்குகிற கால்கள். மோலி போட ஆரம்பித்துவிட்டது. யாரோ தவிடு எங்கே, தவிடு எங்கே என்று கேட்டார்கள். ரேணுகா, அடுத்த வீட்டார் காதில் விழ வேண்டும் என்பதற்காக, எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லி அதட்டினாள். பிளாக் முழுக்க அமைதியாயிற்று.

தேசிங்கு குனிந்தான். பூங்காவனத்தின் கண் அவன் முகத்தில் இருந்தது. இத்தனை வருஷமும் அவன் எழுந்து எழுந்து போனபோதெல்லாம் அந்தக் கண் இப்படித்தான் காத்துக்கொண்டிருந்தது என்று இப்போது தெரிந்தது. பெயரை அவன் கேட்கவில்லை. பெயர் நிற்காது.

"அக்கா," என்றான். "அவ எனக்கு இன்னா வேணும்?"